உறைபனியும் பழைய டிராக்டர் எஞ்சின்களும்

எஞ்சினைக் குளிர்விப்பதற்கென அதனுள் ஊற்றப்படும் நீரே, கவனிப்பாரின்றி விடப்பட்டால், ஒரே இரவில் அந்த எஞ்சினைப் பிளந்துவிடக்கூடும். குளிர்ப் பிரதேசங்களில் டிராக்டரைக் கையாள்வோர் இதனை அறியாதவர்கள் அல்லர். எனினும், அறிந்தவர்களின் டிராக்டர்களும் இவ்வாறு கெடுவதுண்டு. மாலையில் நீரை வடித்தாயிற்று என்னும் நம்பிக்கையுடன் கொட்டகையில் நிறுத்தப்பட்ட எஞ்சின், மறுநாள் காலையில் பக்கச் சுவரில் மயிரிழை போன்றதொரு வெடிப்புடன் காணப்படுகிறது. நீர் முழுவதும் வடியவில்லை என்பது அப்பொழுதுதான் தெரிய வருகிறது.

புதிய டிராக்டராயின், உடைந்த பாகத்தை விலை கொடுத்தேனும் வாங்கிப் பொருத்திவிடலாம். பழைய டிராக்டரின் நிலை வேறு. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை உற்பத்தி செய்யப்பட்ட ஃபெர்குசன் டி.இ.20 வகை டிராக்டர்களின் எண்ணிக்கை ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்டது. அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. ஆயினும் அதன் சிலிண்டர் பிளாக் ஒன்று வேண்டுவோர், பெரும்பாலும் அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு டிராக்டரைப் பிரித்தே அதனைப் பெற வேண்டியிருக்கிறது. ஒரு பிளாக் வெடித்தால், உலகிலுள்ள அவ்வினத்தில் ஒன்று குறைந்தது என்றே கொள்ளலாம்.

நம் நாட்டின் பெரும்பகுதி வெப்பமானதே. ஆனால் சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை சுழிக்குக் கீழ் 15 டிகிரி சென்டிகிரேடுக்கும் தாழ்வதுண்டு. லாஹூல்-ஸ்பிதி, காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு, உத்தராகண்டின் உயர்ந்த மலைக் கிராமங்கள் ஆகியவற்றிலும் கடுங்குளிர் நிலவுகிறது. பஞ்சாப், வட ராஜஸ்தான் சமவெளிகளிலும் சில இரவுகளில் வெப்பநிலை உறைநிலையைத் தொட்டுவிடுகிறது. ஆண்டிற்கு ஒரே போகம் விளையும் மலைநாட்டில், வசந்தத்தில் உழவு தொடங்கும் நாளன்று டிராக்டர் ஓடாவிடின், அவ்வாண்டின் விதைப்பே பின்தங்கிவிடும். ஆதலின், உறைபனியால் எஞ்சினுக்கு ஏற்படும் சேதத்தின் காரணத்தையும், அதைச் செப்பனிடும் முறைகளையும், அனைத்திற்கும் மேலாக அதைத் தடுக்கும் வழிகளையும் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

நீரின் விசித்திரமான இயல்பு

பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிரச் சுருங்கிக்கொண்டே சென்று, உறையும்பொழுது மேலும் சுருங்குகின்றன. நீர் அவ்வாறன்று. 4 டிகிரி சென்டிகிரேடு வரை அது சுருங்குகிறது. அதற்குக் கீழே சிறிது சிறிதாக விரிவடையத் தொடங்குகிறது. பனிக்கட்டியாக மாறும் தருணத்தில் அதன் கன அளவு சுமார் நூற்றுக்கு 9 பங்கு பெருகிவிடுகிறது. 11 படி நீர் உறைந்தால் ஏறக்குறைய 12 படி பனிக்கட்டியாகிறது எனலாம்.

இவ்விரிவைத் தடுக்க முயலும் பாத்திரத்தின் மீது ஏற்படும் விசை மிகப் பெரிது. கனடாவின் க்யூபெக் நகரில் பிரிட்டிஷ் பீரங்கிப் படையைச் சேர்ந்த எட்வர்ட் வில்லியம்ஸ் என்பார் 1784, 1785-ஆம் ஆண்டுகளில் இதனைச் சோதித்துக் காட்டினார். உள்ளீடற்ற இரும்பு வெடிகுண்டுகளில் நீரை நிரப்பி, வாயை இரும்பு முளையால் அடைத்து, அவற்றைக் குளிர்கால இரவில் வெளியே வைத்தார். சில குண்டுகளில் முளை பெயர்ந்து வெகுதூரம் வீசி எறியப்பட்டது. முளை அசையாது நின்ற குண்டுகளோ இரண்டாகப் பிளந்தன; பிளவின் வழியே பனிக்கட்டி ஒரு விளிம்பு போலப் பிதுங்கி நின்றது.

மூடிய பாத்திரத்தினுள் நீர் உறையாதிருக்க வேண்டுமாயின், அதன்மீது எவ்வளவு அழுத்தம் இருத்தல் வேண்டும் என்பதும் அளந்தறியப்பட்டுள்ளது. உயரழுத்த ஆராய்ச்சிக்காக 1946-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி பெர்சி பிரிட்ஜ்மன் இத்துறையில் விரிவான ஆய்வுகள் செய்தவராவார். சுழிக்குக் கீழ் 5 டிகிரியில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 600 கிலோகிராம் அழுத்தம் தேவை. 10 டிகிரியில் சுமார் 1,100 கிலோகிராம். 22 டிகிரியில் 2,000 கிலோகிராமுக்கும் மேல். டிராக்டர் எஞ்சினின் மெல்லிய சுவர் இவற்றில் சிறு பங்கைக்கூடத் தாங்கவல்லதன்று. எனவே, அடைபட்ட நீர் உறையத் தொடங்கினால் சுவர் விட்டுக்கொடுத்தே தீரும்.

சேதம் நிகழும் விதம்

எஞ்சினின் சிலிண்டர்களைச் சூழ்ந்து நீர் நிற்கும் வெற்றிடத்திற்கு நீர்ச்சட்டை என்று பெயர். ரேடியேட்டரின் வாய் மேலே திறந்திருக்க, நீர் விரிவடைந்து அதன் வழியே மேலேறிவிடலாகாதா என்று சிலர் வினவக்கூடும். உறைதல் எங்கும் ஒரே சமயத்தில் நிகழ்வதில்லை என்பதே இதற்கு விடை. குளிர்காற்று படும் மெல்லிய குழாய்கள், வடிகால் திருகு, நீர்ப் பம்பின் கூடு, இரப்பர்க் குழாயின் குறுகிய கழுத்து முதலியன முதலில் உறைகின்றன. இவ்வாறு வழிகள் யாவும் பனிக்கட்டித் தக்கைகளால் அடைபட்டபின், நடுவே எஞ்சியுள்ள நீர் போக்கிடமின்றிச் சிறைப்படுகிறது. அது உறையும்பொழுதுதான் சுவர் பிளக்கிறது.

ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். நீர்ச்சட்டையின் ஒரு மூலையில் 200 கன சென்டிமீட்டர் நீர், அதாவது ஒரு சிறு குவளையளவு நீர், வடியாமல் தங்கி, சேற்றாலும் பனிக்கட்டியாலும் அடைபட்டுள்ளது எனக் கொள்வோம். உறைந்தபின் அதன் அளவு 218 கன சென்டிமீட்டர். மிகுதியான 18 கன சென்டிமீட்டருக்கு இடம் தேவை. அந்த இடத்தை அது சுவரைத் தள்ளியே பெறுகிறது. எஞ்சின் நிறைய நீர் இருந்தால்தான் ஆபத்து என்று எண்ணுவது தவறு என்பது இதனால் புலப்படும்.

மற்றொரு கணக்கும் நினைவிற்கொள்ளத் தக்கது. 80 டிகிரி வெப்பமுள்ள 10 லிட்டர் நீர், சுழி டிகிரிக்குக் குளிர்வதற்கு 800 கிலோகலோரி வெப்பத்தை இழக்க வேண்டும். சுழி டிகிரியிலுள்ள அதே நீர் முழுவதும் பனிக்கட்டியாவதற்கும் மேலும் 800 கிலோகலோரி வெப்பத்தை இழக்க வேண்டும். ஆதலால், நிறைய நீருள்ள எஞ்சின் ஒரு சில மணி நேரக் குளிரைச் சமாளித்துவிடக்கூடும். அரைகுறையாக வடிக்கப்பட்டு, மூலையில் சிறிது நீர் தங்கிய எஞ்சினோ விரைவில் உறைந்துவிடும். பாதி வடித்தல் என்பது சில சமயங்களில் வடிக்காமலிருப்பதைவிடக் கேடானது.

பழைய எஞ்சின்களின் பலவீனங்கள்

பழைய டிராக்டர்களின் சிலிண்டர் பிளாக்குகள் சாம்பல் நிற வார்ப்பிரும்பால் ஆனவை. இவ்வுலோகத்தினுள் கரி, காரீயத் தகடுகளின் வடிவில் பரவிக் கிடக்கிறது. அழுத்தத்தை நன்கு தாங்கும் இவ்விரும்பு, இழுவிசையைத் தாங்குவதில் அதனினும் பன்மடங்கு குறைந்தது. எஃகைப் போல் வளைந்து கொடுக்கும் குணமும் அதற்கில்லை. உள்ளிருந்து தள்ளப்படும் நீர்ச்சட்டைச் சுவர் இழுபடுகிறது. ஆகவே முன்னறிவிப்பின்றி வெடிக்கிறது.

முற்காலத்து டிராக்டர்கள் பலவற்றில் நீர்ப் பம்பே கிடையாது. 1917-இல் வெளிவந்த ஃபோர்ட்சன் டிராக்டரில், சூடான நீர் தானே மேலேறி ரேடியேட்டருக்குச் சென்று, குளிர்ந்த நீர் கீழே இறங்கி எஞ்சினுக்குத் திரும்பும் இயற்கைச் சுழற்சியே பயன்பட்டது. இச்சுழற்சி மெதுவானது. கடுங்குளிரில் ரேடியேட்டரின் அடிப்பகுதியில் நீர் கூழ்போல் உறையத் தொடங்கினால், சுழற்சி நின்று, மேலே எஞ்சின் கொதிக்கும்பொழுதே கீழே பனிக்கட்டி பிடித்திருக்கும். இவ்வகை டிராக்டரில், எஞ்சினுக்குச் செல்லும் காற்றைத் தூய்மைப்படுத்த நீர்த்தொட்டி ஒன்றும் இருந்தது. அதையும் வடிக்க மறத்தலாகாது.

நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கிணற்று நீரையும் வாய்க்கால் நீரையும் ஊற்றி வந்ததன் பயனாக, நீர்ச்சட்டையின் அடியில் துருவும் சுண்ணாம்பும் சேறும் கெட்டிப்பட்டுக் கிடத்தல் இன்னொரு பலவீனம். வடிகால் திருகைத் திறந்தால் சிறிது நீர் சொட்டி நின்றுவிடும். வடிந்து முடிந்தது என்று ஓட்டுநர் எண்ணுவார். உண்மையில் துளை அடைபட்டிருக்கும்.

பிளாக்கின் பக்கங்களில் காணப்படும் வட்டமான மெல்லிய தகட்டுச் செருகிகளைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. நீர் உறைந்தால் இவை வெளியே தள்ளப்பட்டு எஞ்சினைக் காப்பாற்றிவிடும் என்பர். வார்ப்பின்போது உள்ளே வைத்த மணற்கருவை வெளியேற்றுவதற்கென விடப்பட்ட துளைகளை மூடுவதே இவற்றின் உண்மையான பணி. சில வேளைகளில் இவை பெயர்ந்து பிளாக் தப்புவது உண்டு. செருகி அசையாமலிருக்கச் சுவர் பிளந்து போவதும் உண்டு. இவற்றைக் காப்பாக நம்புதல் தகாது.

உறைந்த எஞ்சினைக் கண்டவுடன்

எஞ்சின் உறைந்துவிட்டதாக ஐயம் தோன்றினால், முதற்கண் செய்ய வேண்டியது அதை இயக்க முயலாதிருத்தலே. நீர்ப் பம்பின் சக்கரம் பனிக்கட்டியில் பதிந்திருக்கும் நிலையில் எஞ்சினைச் சுழற்றினால் அச்சு முறியலாம், அல்லது வார்ப்பட்டை அறுபடலாம். வெடிப்பின் வழியே சிலிண்டரினுள் நீர் புகுந்திருந்தால், பிஸ்டன் அந்த நீரை நசுக்க இயலாமல் இணைப்புத் தண்டு வளைந்துவிடும்.

கொதிநீரை ஊற்றுதலும், அடியில் தீ மூட்டுதலும் கூடா. ஒரு பகுதி திடீரெனச் சூடாகி விரிய, அடுத்த பகுதி குளிர்ந்தே இருப்பதால், தப்பியிருந்த சுவரும் வெடிக்கக்கூடும். எரிபொருளும் எண்ணெயும் படிந்த எஞ்சினருகே தீயின் ஆபத்தைக் கூறவேண்டியதில்லை. டிராக்டரை மூடிய கொட்டகைக்குள் தள்ளிச் சென்று, அறையின் வெப்பத்தால் மெல்ல இளகவிடுவதே சரியான முறையாகும். இதற்கு ஒரு முழுநாளும் தேவைப்படலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். சுவரைப் பிளந்த பனிக்கட்டியே அப்பிளவை அடைத்துக்கொண்டும் நிற்கும். ஆகவே, முழுவதும் இளகும் முன்னர் ‘ஒழுக்கு இல்லை, எஞ்சின் தப்பிற்று’ என முடிவு கட்டலாகாது. இளகிய பின்னர் மசகெண்ணெய்த் தொட்டியின் அடித்திருகைச் சிறிது தளர்த்திப் பார்த்தால், எண்ணெய்க்கு முன் நீர் வருகிறதா என்பது தெரியும். அளவுக்கோலில் எண்ணெய் பாலேடு போல் வெளுத்திருந்தாலும் நீர் கலந்துள்ளது என்றே பொருள். அவ்வாறாயின் வெடிப்பு உட்புறத்தில் உள்ளது.

வெடிப்பைக் கண்டறிதல்

வெளிச் சுவரில், குறிப்பாகப் பக்கவாட்டின் நீண்ட தட்டையான பகுதியில், வெடிப்பு பெரும்பாலும் கிடைமட்டமாக ஓடுகிறது. சிலிண்டர் சுவர்களிலும், வால்வு இருக்கைகளுக்கு இடையிலும், சிலிண்டர் தலையிலும், நீர்ப் பம்பின் கூட்டிலும் வெடிப்புகள் தோன்றுவதுண்டு. ஒரு வெடிப்பைக் கண்டதும் தேடுதலை நிறுத்திவிடாமல், எல்லா இடங்களையும் ஆராய்தல் வேண்டும்.

பட்டறை வசதி குறைந்த இடங்களில் மண்ணெண்ணெய்ச் சோதனை நம்பகமானது. ஐயத்திற்குரிய பகுதியிலுள்ள பெயின்டையும் துருவையும் நீக்கி, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, மேற்பரப்பைத் துடைத்து உலர்த்தி, சுண்ணாம்புப் பொடியைக் குழைத்துப் பூச வேண்டும். வெடிப்பினுள் நுழைந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெண்பூச்சின்மீது கருங்கோடாகத் தெரியும். பெரிய பட்டறைகளில், இரும்பைக் காந்தமாக்கி அதன்மீது இரும்புத் தூளைத் தூவி, தூள் திரளும் கோட்டைக் கொண்டு வெடிப்பை அறிகிறார்கள்.

செப்பனிடும் முறைகள்

எந்த முறையைக் கையாள்வது என்பது வெடிப்பின் இடத்தைப் பொறுத்தது. வெளிச் சுவரின் வெடிப்பு நீரின் சிறு அழுத்தத்தை மட்டுமே தாங்கினால் போதும். சிலிண்டர் சுவரோ எரிதலின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்கவேண்டும். எந்த முறையாயினும், வெடிப்பின் இரு முனைகளிலும் சுமார் 3 மில்லிமீட்டர் துளை ஒன்றை இட்டு, வெடிப்பு மேலும் ஓடாமல் தடுப்பது முதற்பணியாகும்.

முதலாவது, ஒட்டுத் தகட்டு முறை. வெடிப்பின் மேல் ஒரு மெல்லிய இரும்புத் தகட்டை வைத்து, அடியில் கேஸ்கெட்டிட்டு, சுற்றிலும் சிறு திருகுகளால் இறுக்குவது கிராமக் கொல்லர்களும் செய்யக்கூடிய பழைய வழியாகும். இரும்புத் தூளையும் நவச்சாரத்தையும் சேர்த்துக் குழைத்த பசையால் வெடிப்பை அடைத்து, அது துருப்பிடித்து இறுகுமாறு விடுதலும் முற்காலத்தில் வழக்கிலிருந்தது. இன்று அவ்விடத்தை எபாக்ஸி என்னும் இருபகுதிப் பசை பிடித்துக்கொண்டுள்ளது. எண்ணெய்ப் பிசுக்கை அறவே நீக்கி, வெடிப்பைச் சற்று அகலப்படுத்தி இப்பசையை இட்டால், வெளிச் சுவரில் அது பல ஆண்டுகள் நிற்கலாம். உட்சுவருக்கு இது உதவாது.

இரண்டாவது, வெண்கலப் பற்றவைப்பு. வெடிப்பின் நெடுகிலும் ஆப்பு வடிவில் பள்ளமிட்டு, பிளாக்கைச் சூடாக்கி, சுமார் 900 டிகிரியில் உருகும் வெண்கலக் கம்பியால் பள்ளத்தை நிரப்புவர். வார்ப்பிரும்பு உருகுவதில்லை, வெண்கலம் அதன் மேற்பரப்பைப் பற்றிக்கொள்கிறது. ஆயினும் இவ்வெப்பத்தில் சிலிண்டர்த் துளைகள் கோணலாகக்கூடும். எனவே எஞ்சினை முழுவதும் பிரித்த பின்னரே இதனைச் செய்தல் வேண்டும். முடிந்தபின் பிளாக்கைச் சாம்பலிலோ சுண்ணாம்புப் பொடியிலோ புதைத்து, மெல்ல ஆறவிட வேண்டும்.

மூன்றாவது, நிக்கல் கம்பியைக் கொண்டு மின்வில்லால் பற்றவைத்தல். சாதாரண எஃகுக் கம்பியைப் பயன்படுத்தினால், பற்றின் ஓரத்திலுள்ள வார்ப்பிரும்பு கடினமாகி, கண்ணாடி போல் நொறுங்கும் தன்மையை அடைந்து, பற்றின் அருகிலேயே புதிய வெடிப்பு தோன்றும். நிக்கல் மென்மையானதாதலின் இவ்விடர் குறைகிறது. ஒரே தடவையில் 25 மில்லிமீட்டருக்கு மேல் பற்றவைக்காமல், ஒவ்வொரு பற்றையும் சூடாக உள்ளபோதே சிறு சுத்தியால் மெல்லத் தட்டி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியபின் வேறோரிடத்தில் தொடர்வதே இதன் இரகசியம். அவசரப்படுவோர் இம்முறையில் வெற்றி பெறுவதில்லை.

நான்காவது, குளிர்நிலைத் தையல். தீப்பொறியே ஆகாத எண்ணெய் வயல்களில் உடைந்த இயந்திரங்களைச் செப்பனிடுவதற்கென அமெரிக்காவில் வளர்ந்த முறை இது. வெடிப்பிற்குக் குறுக்கே வரிசையாகத் துளைகளிட்டு, அவற்றில் நிக்கல் கலந்த உலோகப் பூட்டுகளை அடித்து இறக்கி, வெடிப்பின் இரு கரைகளையும் பிணைப்பர். பின்னர் வெடிப்பின் நெடுகிலும், ஒன்றன்மேல் ஒன்று சிறிது ஏறுமாறு திருகுகளைச் செலுத்தித் தேய்த்துச் சமப்படுத்துவர். வெப்பம் சிறிதும் இல்லாமையால் பிளாக் கோணுவதில்லை. பொறுமையும் துல்லியமும் தேவைப்படினும், கிடைத்தற்கரிய பழைய பிளாக்குகளுக்கு இதனையே பெரிதும் விரும்புகின்றனர்.

சிலிண்டர் சுவர் வெடித்திருந்தால், துளையைக் கடைந்து பெரிதாக்கி மெல்லிய உறை ஒன்றைச் செருகலாம். ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டரில் பொருத்தப்பட்ட ஸ்டாண்டர்டு எஞ்சினைப் போன்று, நீரில் நேரடியாக நிற்கும் கழற்றக்கூடிய உறைகளைக் கொண்ட எஞ்சின்களில் வேலை இன்னும் எளிது. உறை மட்டும் கெட்டிருப்பின் அதையே மாற்றிவிடலாம்.

செப்பனிட்டபின், திறப்புகள் அனைத்தையும் மூடி, கைப்பம்பால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 2 கிலோகிராம் அளவில் வெந்நீரைச் செலுத்திச் சோதித்தல் நன்று. பூட்டிய பின்னர் ஒழுக்கைக் கண்டறிந்தால், செய்த வேலை அனைத்தையும் மீண்டும் செய்ய நேரிடும்.

வருமுன் காத்தல்

தடுப்பு முறைகள் இரண்டே: ஒன்று நீரை வடித்தல், மற்றொன்று உறையாத திரவத்தை நிரப்புதல்.

வடிக்கும்பொழுது டிராக்டர் சமதரையில் நிற்க வேண்டும். எஞ்சின் இளஞ்சூடாக உள்ளபோது வடித்தால் சேறும் கலங்கி உடன் வெளியேறும். ரேடியேட்டரின் மூடியைத் திறந்துவிட வேண்டும். இன்றேல் காற்று புகாமல் நீர் தடைப்படும். ரேடியேட்டரின் அடியிலுள்ள திருகையும், பிளாக்கின் பக்கத்திலுள்ள திருகையும், இரண்டையும் திறத்தல் வேண்டும். ஒன்றைத் திறந்து மற்றொன்றை மறப்பதே மிகுதியான சேதங்களுக்குக் காரணமாகும். நீர் வரும்பொழுதே ஒவ்வொரு துளையிலும் கம்பியைச் செலுத்திக் குடைய வேண்டும். வடிந்த நீரை ஒரு வாளியில் பிடித்து, ஊற்றிய அளவோடு ஒப்பிட்டால் ஐயமே இராது. பம்பிலும் நீர் தங்குமாதலால், நீர் நின்றபின் எஞ்சினைக் கையால் சிறிது சுழற்றிவிடுதல் நலம். இறுதியில் ‘நீர் இல்லை’ என்றெழுதிய அட்டையை ஓட்டுநரின் கண்ணில் படும்படி கட்டிவைக்க வேண்டும். நீரின்றி ஓட்டி எஞ்சினை எரித்துவிடுவதும் உண்டல்லவா!

உறைதடுப்புத் திரவத்தின் வரலாறும் சுவையுடையது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் உருவான ஹார்ட்-பார் என்னும் ஆதிகால டிராக்டர்களில், நீருக்குப் பதிலாக எண்ணெயே குளிர்விக்கும் திரவமாகப் பயன்பட்டது. பின்னர் நீருடன் சாராய வகைகளைக் கலப்பது வழக்கமாயிற்று. ஆனால் மெதில் சாராயம் சுமார் 65 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். காலையில் காப்பளித்த கலவை மாலையில் வெறும் நீராகிவிடுவதும், ஆவி தீப்பற்றுவதும் இதன் குறைகள். உப்புக் கரைசல் இரும்பை அரித்துவிடும். 1850-களில் பிரெஞ்சு இரசாயன விஞ்ஞானி வூர்ட்ஸ் கண்டறிந்த எதிலீன் கிளைக்கால் என்னும் திரவம் 197 டிகிரியில்தான் கொதிக்கிறது, எளிதில் ஆவியாவதில்லை. 1920-களின் பிற்பகுதியிலிருந்து இதுவே பெரிதும் வழக்கில் வந்துள்ளது.

கன அளவில் மூன்றில் ஒரு பங்கு கிளைக்கால் கலந்த நீர், சுழிக்குக் கீழ் ஏறக்குறைய 17 டிகிரி வரை உறைவதில்லை. சரிபாதி கலந்தால் சுமார் 37 டிகிரி வரை காப்பு உண்டு. ஆனால் தூய கிளைக்கால் சுழிக்குக் கீழ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும்! ‘மிகுதியாகச் சேர்த்தால் மிகுதியான காப்பு’ என்பது இங்கு பொருந்தாது. நூற்றுக்கு 60 பங்கிற்கு மேல் சேர்ப்பது வீண். கலவையின் வலிமையைத் திரவமானி கொண்டு ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் அளந்து பார்த்தல் வேண்டும். கோடையில் வெறும் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி வந்த எஞ்சினில் கலவை நீர்த்துப் போயிருக்கும்.

பழைய எஞ்சினில் இத்திரவத்தை ஊற்றும் முன்னர், நீர்ச்சட்டையை நன்கு கழுவிச் சேற்றை நீக்குதல் அவசியம். நீர் கசியாத நுண்ணிய இடைவெளிகளிலும் கிளைக்கால் கசிந்துவிடும். அது மசகெண்ணெயில் கலந்தால் பிசினாகித் தாங்கிகளைக் கெடுக்கும். ஆதலின் தேய்ந்த கேஸ்கெட்டுகளையும் குழாய்களையும் மாற்றியபின் நிரப்புதல் நன்று. கலப்பதற்கு மழை நீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் சிறந்தது. துருத்தடுப்பு மருந்துகள் நாளடைவில் வலுவிழப்பதால், சாதாரண வகைத் திரவத்தை இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

எதிலீன் கிளைக்கால் கொடிய நஞ்சாகும். அது இனிப்புச் சுவையுடையதாதலின், குழந்தைகளும் நாய், கன்று முதலிய பிராணிகளும் அதனை அருந்த முற்படும். வடித்த திரவத்தைத் திறந்த பாத்திரத்தில் வைத்தலும், வாய்க்காலில் கொட்டுதலும் எக்காரணத்தாலும் கூடா. நஞ்சு குறைந்த புரோப்பிலீன் கிளைக்கால் வகையும் கிடைக்கிறது.

மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் டிராக்டரை வடித்து வைப்பதா, நிரப்பி வைப்பதா என்னும் கேள்வி எழுவதுண்டு. வடித்த எஞ்சினில் ஈரமும் காற்றும் சேர்ந்து துருவை வளர்க்கும். கலவை நிரப்பிய எஞ்சினில் துரு தடைபடும். எனவே ஒழுக்கில்லாத எஞ்சினாயின் நிரப்பி வைத்தலே மேலானது. இரவுக்கிரவு மட்டும் நிறுத்தப்படுவதும், கிளைக்கால் கிடைக்காததுமான இடங்களில் வடித்தலே வழி.

எஞ்சினுக்கு வெளியேயும் சில இடங்களைக் கவனிக்க வேண்டும். எரிபொருள் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கும் நீர் உறைந்து கிண்ணத்தை உடைக்கும். மசகெண்ணெய்த் தொட்டியின் அடியில் சேர்ந்த நீர் உறைந்தால் எண்ணெய்ப் பம்பு முறியும். எடைக்காகச் சக்கரங்களில் நிரப்பிய நீரும் உறையக்கூடியதே.

காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சின்களுக்கு இந்த அச்சம் இல்லை. 1959-இல் ஃபரீதாபாத்தில் உற்பத்தி தொடங்கிய ஐஷர் டிராக்டர்கள் இவ்வகையைச் சார்ந்தவை. வட ராஜஸ்தானில் 1956-இல் அமைந்த சூரத்கட் பண்ணைக்கு வந்த சோவியத் இயந்திரங்கள், 1960-இல் சென்னையில் நிறுவப்பட்ட டாஃபே நிறுவனம் தயாரித்த மாஸ்ஸி ஃபெர்குசன் வகைகள், 1971 முதல் பிஞ்சோரில் உருவான எச்.எம்.டி. ஜெட்டர் டிராக்டர்கள் போன்ற நீர்க்குளிர்ச்சி வகைகளே நாட்டில் மிகுதியாதலால், குளிர்ப் பகுதிகளில் எச்சரிக்கை தேவையாகிறது.

பள்ளியில் காட்டத்தக்க சோதனை

ஆசிரியர்கள் இவ்வுண்மையை எளிதில் விளக்கலாம். ஒரே அளவுள்ள மூன்று சிறிய பிளாஸ்டிக் புட்டிகளை எடுத்துக்கொள்க. கண்ணாடிப் புட்டி வேண்டா. அது சிதறிக் காயம் விளைவிக்கும். முதலாவதில் விளிம்பு வரை நீர் நிரப்பி இறுக மூடுக. இரண்டாவதில் 11 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் ஊற்றிக் கோடிட்டு, மூடியைத் தளர்வாக வைக்க. மூன்றாவதில், மேலும் உப்புக் கரையாத அளவுக்கு உப்பிட்ட நீரை நிரப்புக. மூன்றையும் குளிர்பதனப் பெட்டியின் உறைய வைக்கும் அறையில் ஓரிரவு வைத்தால், முதற்புட்டி உப்பியோ பிளந்தோ இருக்கும். இரண்டாவதில் மட்டம் ஏறியிருக்கும். மூன்றாவது திரவமாகவே இருக்கும். உறைதடுப்புக்கு உப்பு உதவுமாயினும் அதை எஞ்சினில் ஏன் ஊற்றலாகாது என்று மாணவர்களைக் கேட்டு, துருப்பிடித்த ஆணி ஒன்றைக் காட்டி விடையை வருவிக்கலாம்.

பழைய இயந்திரம் குளிருக்கு ஆற்றாது என்று கருதவேண்டியதில்லை. எட்மண்ட் ஹில்லாரியும் அவருடைய தோழர்களும், நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினைக் கொண்ட மூன்று ஃபெர்குசன் டிராக்டர்களைத் தக்கவாறு ஆயத்தம் செய்து, அண்டார்க்டிகாவின் பனிவெளியைக் கடந்து 1958 ஜனவரி 4-ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தனர். அத்தகைய குளிரையும் தாங்கிய இயந்திர வகை, ஊரின் கொட்டகையில் ஒரு குவளை நீரால் அழிந்துபோவது வருந்தத்தக்கது. குளிர் தொடங்குமுன் வடிகால் துளைகளில் ஒரு கம்பியைச் செலுத்திப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். வெடித்த பிளாக்கைத் தைக்கப் பல நாட்கள் ஆகும். அந்நாட்களில் நிலம் உழவின்றிக் காத்திருக்கும். களப்பணியாளர்கள் தத்தம் பகுதியிலுள்ள டிராக்டர் உரிமையாளர்களிடம் இக்கருத்தை, பனி விழும் மாதத்திற்கு முன்பே, நேரில் செய்து காட்டி விளக்குவார்களாயின் பெரும் பயன் விளையும்.